பூஞ்சை வளர்க்கவா பிள்ளையைப் படிக்க வைத்தோம்?

அம்மா, வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. மகள் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி வருடம், கொசுவைக் கொல்லும் பூஞ்சை தயாரிக்கும் வேலைக்குப் போகிறேன் என்று நிற்கிறாள், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. சரி, முதலில் அது என்ன வேலை என்று பார்ப்போம்.

தென்னந்தோப்புக்காரர்கள் காண்டாமிருக வண்டுக்காக எருக்குழியில் மெட்டாரைசியம் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூஞ்சைதான். பூச்சி அதைத் தின்னவே வேண்டாம். வித்து, அதாவது விதை போன்ற அதன் நுண்தூள், உடம்பில் ஒட்டினால் போதும், முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சில நாளில் கொன்றுவிடும். கொசுவுக்கும் அப்படித்தான். தான்சானியாவில் கிராமத்து வீடுகளுக்குள் பூஞ்சை தடவிய கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்த மலேரியாக் கொசுக்களுக்குத் தொற்றை ஏற்படுத்திக் காட்டினார்கள். 2005இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ரசாயன மருந்துக்குக் கொசு பழகிவிட்ட இந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

தயாரிப்பு கிட்டத்தட்ட சமையல் மாதிரிதான் தொடங்கும். ஊறவைத்த அரிசியைப் பையில் போட்டு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) வேகவைத்து, ஆறியதும் தாய்ப் பூஞ்சையைச் சேர்த்து, 25 முதல் 28 டிகிரி அறையில் ஏறக்குறைய இரண்டு வாரம் வைப்பார்கள். அரிசி முழுக்கப் பச்சைப் பொடி பூத்து நிற்கும். கஷ்டம் அதற்கு அப்புறம்தான். ஒரு பையில் வேறு பூஞ்சை புகுந்தால் அந்தப் பையே வீண். நம் ஊர் வெயிலில் குடோனில் போட்டு வைத்தால் வித்து செத்துப்போகும். பாக்கெட் கடையில் இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்து இருக்க வேண்டும் என்பது இங்குள்ள தரவிதி. அதை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்தான் தரக்கட்டுப்பாட்டு நுண்ணுயிரியலாளர். உங்கள் மகளின் படிப்புக்கு நேராகப் பொருந்தும் இடம் அது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொசுவுக்கென்றே பூஞ்சை தயாரிக்கும் வேலை இங்கே மிகக் குறைவு. கொசுப்புழுவுக்கு இங்கே பரவலாகப் போடுவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா. பூஞ்சை விற்பனை பெரும்பாலும் விவசாயத்துக்கு. பெவேரியா (இதுவும் பூச்சியைக் கொல்லும் பூஞ்சைதான்), மெட்டாரைசியம் தயாரிக்கும் கூடங்களில்தான் ஆள் எடுக்கிறார்கள். ஆகவே கொசுதான் வேண்டும் என்று காத்திருக்காமல், விவசாயத் தயாரிப்பில் நுழைந்து கை பழகட்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதற்கு நீங்கள் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

மேலே படிக்க ஆசை இருந்தால் புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைப் பாருங்கள். வெக்டர் என்றால் கொசு போல நோய் பரப்பும் உயிரி. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் இரண்டு வருட எம்.எஸ்சி. அங்கே உண்டு. அதில் சேர்ந்தால் கொசுவையும் கற்பாள். நுண்ணுயிரியலோடு கொசுவையும் அறிந்தவர்கள் குறைவு, அதனால்தான் இந்தப் பாதையை நான் அழுத்திச் சொல்கிறேன்.

பூஞ்சை அவளையே பிடித்துக்கொள்ளாதா என்று கேட்டிருந்தீர்கள். தாய் மனம் கேட்கத்தான் செய்யும். இந்த ரகங்களில் பெரும்பாலானவை நம் உடல் சூட்டில் வளராது. ஆனால் வித்துத் தூள் மூக்கில் ஏறினால் ஒவ்வாமை வரலாம். முகக்கவசம் கட்டாயம். சிறுவயதில் அவளுக்கு இளைப்பு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனவே அறுவடை, பொட்டலம் கட்டும் பகுதி வேண்டாம், ஆய்வகப் பகுதியைக் கேட்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இந்த விடுமுறையில் பக்கத்து உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகம் ஏதாவது ஒன்றில் பதினைந்து நாள் பயிற்சிக்கு எழுதிக் கேட்கட்டும். முதல் நாள் நீங்களும் கூடப் போய் வாருங்கள். அந்தப் பச்சை அரிசிப் பையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்.