படத்தில் நாலு வளையம், பெட்டியில் ஒன்றுமில்லை

கேள்வி: ட்ரோன் பழக ஆரம்பித்து ஒரு வாரம். ப்ரொப்பெல்லர் கார்டு (சுழலும் இறக்கைகளைச் சுற்றி மாட்டும் காப்பு வளையம்) மாட்டினால் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. கழற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எடை கூடினால் மோட்டார் கூடுதலாக உழைக்கத்தான் செய்யும். ஆனால் பழகும்போது கார்டு தேவை. ட்ரோனின் முகம் நம் பக்கம் திரும்பியதும் இடது வலதாகிவிடும். கை பதறி நேரே சுவரில் கொண்டுபோய் முட்டுவோம். அப்படி முகம் உங்களைப் பார்த்திருக்க, ஒரு பேட்டரி தீரும்வரை எதிலும் இடிக்காமல் நிறுத்திவைக்க முடிகிற அன்றைக்குக் கழற்றுங்கள். பலமாகக் காற்றடிக்கும் நாளில் மட்டும் வெளியே கொண்டுபோகாதீர்கள். வளையம் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: விளம்பரப் படத்தில் நான்கு கார்டும் இருந்தன. பெட்டியில் ஒன்றுகூட இல்லை. "படம் மாதிரிக்குத்தான், தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் விற்றவர்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. படத்தில் காட்டுவதைப் பெட்டியில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் "இது சேராது" என்று படத்துக்குக் கீழேயே எழுத வேண்டும். எட்டாவது பத்தியில் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பதற்குப் பெயர் வியாபாரமா? அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதானால் ஒருமுறைகூடப் பறக்கவிடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் பேச்சு அதைப் பற்றியே ஆகிவிடும்.

தனியாக வாங்குவதானால் உங்கள் மாடலின் பெயர் போட்டதையே வாங்குங்கள். "எல்லா ட்ரோனுக்கும் பொருந்தும்" என்பதை நம்பி நானும் ஒரு செட் வாங்கியவன்தான். மூன்றாவது தடவை பறக்கும்போது ஒரு கிளிப் நழுவியது. வளையம் உள்பக்கம் சாய்ந்து இறக்கையில் உரச, டர்ரென்று ஒரு சத்தம். அடுத்த நொடி ட்ரோன் சிமெண்ட் தரையில். மோட்டாரைத் தாங்கும் கை விரிசல் விட்டுப்போயிற்று. கார்டே இல்லாமல் பறக்கவிட்டிருந்தால் அது விழுந்திருக்காது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம்: பேட்டரியைக் கழற்றிவிட்டு, வளையத்தைக் கட்டை விரலால் உள்நோக்கி அழுத்திக்கொண்டே இறக்கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன். எங்காவது உரசினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி: 250 கிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்றே 249 கிராம் ட்ரோன் வாங்கினேன். கார்டு மாட்டினால்?

பதில்: தாண்டிவிடும். பல நாடுகளில் 250 கிராமை ஒட்டித்தான் விதிகள் மாறுகின்றன. தரையை விட்டுக் கிளம்பும்போது இருக்கும் மொத்த எடைதான் கணக்கு, பெட்டியில் அச்சடித்தது அல்ல.

கேள்வி: உடைந்த இறக்கைகளை மாற்றினேன். கிளப்பினால் அப்படியே குப்புறக் கவிழ்கிறது. மட்டமான ட்ரோனை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை. இறக்கைகளில் இடஞ்சுழியாகச் சுற்றுவது இரண்டு, வலஞ்சுழியாகச் சுற்றுவது இரண்டு. நீங்கள் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். எது எங்கே என்பதற்கு இறக்கையிலோ மோட்டார் பக்கத்திலோ எழுத்தோ கோடோ இருக்கும். கூடவே ஒரு சின்னப் புத்தகம் வந்திருக்குமே, அதைப் பிரித்தீர்களா? கடையின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: கார்டு இருக்கிறதே, குழந்தை கையால் பிடித்து விளையாடலாமா?

பதில்: கூடாது. வளையம் சுற்றிலும்தான், மேலும் கீழும் திறந்தே இருக்கிறது, குழந்தை விரல் தாராளமாக நுழையும்.