கையெழுத்தும் கான்கிரீட்டும்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம். சிவில் படித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக ஓர் ஒப்பந்தக்காரரிடம் சைட் என்ஜினியராக இருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றுக்கு வகுப்பறைக் கட்டடம் கட்டி வருகிறோம். தளம் போட்ட அன்று மிக்ஸர் கலவையிலிருந்து எடுக்க வேண்டிய கியூப்களை (பலம் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டிகளை) எடுக்காமல், மறுநாள் சிமென்ட்டைக் கூட்டித் தனியாகக் கலந்து வார்த்து, அவற்றையே ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு நன்றாகவே வந்துவிட்டது. தளக் கலவையிலிருந்து என் முன்னிலையில் எடுத்தவை என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் முதலாளி. அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். அப்பா படுக்கையில் விழுந்தபோது மருத்துவச் செலவுக்குப் பணம் தந்தவர். 'டிசைனிலேயே சேஃப்டி ஃபேக்டர் இருக்கு, தளம் தாங்கும்' என்கிறார். அடுத்த தையில் தங்கைக்குக் கல்யாணம். நான் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி. உங்கள் நெருக்கடியை முழுவதும் உணர்ந்தே இதைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி சொல்லும் சேஃப்டி ஃபேக்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி கணக்கிடும்போது, கான்கிரீட்டின் பலத்தை 1.5 ஆல் வகுத்தும், அதன் மேல் வரும் சுமையை 1.5 ஆல் பெருக்கியும் கொள்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் பலத்துக்கும் சுமைக்கும் நடுவே இப்படி விடும் அந்த இடைவெளி, நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நம் கையை மீறி நடப்பவற்றுக்காக ஒதுக்கப்பட்டது. சித்தாள் அள்ளிப்போடும் சட்டி ஒவ்வொன்றிலும் ஜல்லி ஒரே அளவாக இருப்பதில்லை. சித்திரை வெயிலில் கலவை இறுகுகிறது என்று யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிடுகிறார். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஒரு மூலைக்கு எட்டாமல் போகிறது. ஏழு நாள் கட்டி நிறுத்த வேண்டிய தண்ணீர் நான்காம் நாளே வற்றிவிடுகிறது. இவை ஒவ்வொன்றும் அந்த இடைவெளியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மிச்சத்தையும் தெரிந்தே ஒருவர் எடுத்துக்கொண்டால், எதிர்பாராத நாளில் தாங்குவதற்கு அந்தத் தளத்திடம் எதுவும் இருக்காது.

உங்கள் தளம் பலவீனமானது என்று நான் சொல்லவில்லை. அது நல்ல தளமாகவே இருக்கலாம். ஆனால் மாற்றி அனுப்பிய கியூப்களால், அது நல்லதா இல்லையா என்பதை அறியும் வழி எல்லோருக்கும் அடைபட்டுவிட்டது, உங்கள் அண்ணாச்சிக்கும்தான். பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் உள்ள அந்தக் கனசதுரக் கட்டியை, போடப்படும் கலவையிலிருந்தே எடுத்து, 28 நாள் தண்ணீரில் வைத்து உடைத்துப் பார்ப்பதன் நோக்கமே, உள்ளே இருப்பதை வெளியிலிருந்து அறிந்துகொள்வதுதான்.

அடைபட்ட வழியைத் திறக்க முடியும் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நல்ல செய்தி. சந்தேகம் எழுந்தால் தளத்திலிருந்தே குறைந்தது மூன்று இடங்களில் உருளைகளாக (கோர்) துளைத்தெடுத்துச் சோதிக்கலாம் என்று அதே ஐ.எஸ். 456 வழி செய்திருக்கிறது. அவற்றின் சராசரி பலம் அந்தக் கான்கிரீட்டுக்கு வேண்டியதில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமலும், தனித்தனியாக எதுவும் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகாமலும் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆகவே அண்ணாச்சியிடம் தனியாகப் போய் உட்காருங்கள். 'நீங்கள் தப்பு செய்துவிட்டீர்கள்' என்று தொடங்காமல், 'கோர் எடுத்துப் பார்த்துவிடுவோம் அண்ணாச்சி, தேறிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அந்தக் கியூப் கணக்கை மட்டும் விட்டுவிடுவோம்' என்று கேளுங்கள். மனிதர்கள் பலர் இந்த இடத்தில் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். வராவிட்டால், தளம் போட்ட அன்று கியூப் எடுக்கப்படவில்லை என்பதைத் தேதியிட்டு எழுதி அவரிடமே கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், வேலையை மேற்பார்வையிடும் துறைப் பொறியாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கும் கதவு திறக்காவிட்டால், கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது.

இதில் ஆபத்தே இல்லை என்று சொன்னால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவனாவேன். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தகவல் தருபவர்களைக் காப்பதற்கென 2014-இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே கிடக்கிறது. அதனால்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறேன். வேலை போகலாம், அதற்கு இன்றே வேறு இடம் தேடத் தொடங்குங்கள். ஆனால் கையெழுத்துப் போட மறுக்க எந்தப் படியும் ஏற வேண்டியதில்லை, அதை இப்போதே செய்யலாம்.

அண்ணாச்சி செய்த உதவி பெரியது. அந்தக் கடனைப் பணமாகத் திருப்பலாம், உழைப்பாகவும் திருப்பலாம். அந்த வகுப்பறையில் உட்காரப்போகும் பிள்ளைகளின் தலைக்கு மேல் இருப்பதை எடுத்துத் திருப்ப நமக்கு உரிமை கிடையாது. 2021 டிசம்பர் 17 அன்று நம் திருநெல்வேலி நகரிலேயே பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். சரியாக இரண்டாண்டு கழித்து, 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோது, வீடிழந்த சனங்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும்தான் தங்கினார்கள். நம் பக்கத்தில் பள்ளிக்கூடத் தளம் ஊருக்கே புகலிடம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளம் வயதில் ஒரு சிறுபாலத்தின் அணுகுசாலைக்கு, குழி தோண்டி ஆழத்தைப் பார்க்காமலே அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டேன். அந்த ஐப்பசி மழையிலேயே சாலை உள்வாங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் இன்றும் நான் சன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் தொழில்நெறிப் பாடத்தில் அமெரிக்க விபத்துகளையே நடத்துகிறார்கள். பாளையங்கோட்டையில் வீடு கட்டப்போகும் எனக்கு அவை எதற்கு?
(மூன்றாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி)

பதில்: ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1981 ஜூலை 17 அன்று கன்சாஸ் சிட்டியின் ஹயாட் ரீஜென்சி ஓட்டலில், கூரையிலிருந்து தொங்கிய இரண்டு நடைபாலங்கள் கூட்டத்தின் மேல் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் பாலத்தையும் கீழ்ப் பாலத்தையும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். வேலைக்கு எளிது என்று அதை இரண்டு கம்பிகளாக மாற்றி, கீழ்ப் பாலத்தை மேல் பாலத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். கிணற்றுக்குள் ஒரே கயிற்றை இருவர் பிடித்துத் தொங்குவதற்கும், ஒருவர் கயிற்றைப் பிடிக்க மற்றவர் அவர் இடுப்பைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது: கயிற்றுக்கு வரும் சுமை ஒன்றே, முதல் ஆளின் பிடிக்கு வரும் சுமை இரட்டிப்பு. மேல் பாலத்தின் நட்டு இருந்த இடம் அப்படித்தான் பிய்ந்தது. அந்த மாற்றத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்புப் பொறியாளர்கள் மிசௌரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள்.

நாளை உங்கள் சைட்டிலிருந்து மேஸ்திரி கைப்பேசியில் படம் அனுப்பி, '16 எம்.எம். கம்பி கிடைக்கல, 12 எம்.எம். போட்டுக்கிடட்டுமா?' என்று கேட்பார். நீங்கள் பேருந்தில் இருப்பீர்கள். 16-க்கு 12 போட்டால் ஒரு கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். 'போடுங்க' என்று ஒரு சொல்லில் முடித்துவிடவும் முடியும், கணக்குப் பார்க்கும்வரை வேலையை நிறுத்தச் சொல்லவும் முடியும். கன்சாஸ் சிட்டி உங்களுக்குத் தேவைப்படும் நேரம் அதுதான்.

கேள்வி: வரைபடத்தில் கையெழுத்திட்ட என்ஜினியர் ஒருநாள்கூட எங்கள் வீட்டு வேலையைப் பார்க்க வரவில்லை. இது சரியா?
(இல்லத்தரசி, வள்ளியூர்)

பதில்: சரியல்ல, அம்மா. ஆனால் கையெழுத்துக்கு மட்டும் பணம் கொடுத்து, மீதியைக் கொத்தனாரிடம் விடும் வழக்கத்தை நாமும் சேர்ந்துதான் வளர்த்திருக்கிறோம். வருகைக்கும் சேர்த்துக் கட்டணம் பேசுங்கள். அஸ்திவாரக் குழியை மூடுமுன், பில்லர் கம்பி கட்டியபின், தளக் கம்பிக்கு மேல் கான்கிரீட் கொட்டுமுன் என்று மூன்று முறையாவது அவர் நேரில் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். மூன்றாவது வருகைக்கு அவர் வராவிட்டால், மிக்ஸர் மெஷின் வாசலில் வந்து நின்றாலும் தளம் போடும் வேலையை ஒருநாள் தள்ளி வையுங்கள்.