மங்குக்குப் பூசிய க்ரீமும் கன்னத்துச் சிவப்பு நூல்களும்

கேள்வி: எனக்கு வயது 36. இரு கன்னங்களிலும் மூக்கின் ஓரங்களிலும் நூல் நூலாகச் சிவந்த நரம்புகள் தெரிகின்றன. வெயிலில் முகம் எரிகிறது. மங்கு மறைய மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய க்ரீமை மூன்று ஆண்டுகளாகப் பூசி வருகிறேன். ஆறு சிட்டிங் லேசரில் சரியாகிவிடும் என்று பார்லரில் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா? ரத்தம் கெட்டுப்போனதால் இப்படி வருமா?

பதில்: ரத்தம் கெட்டுப்போகவில்லை. பேச்சுவழக்கில் நரம்பு என்றாலும், நீங்கள் பார்ப்பவை தோலின் மேற்புறத்தில் எல்லோருக்கும் இருக்கும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள். அவை விரிந்து, மீண்டும் சுருங்க முடியாமல் போனதால் வெளியே தெரிகின்றன. வயது, வெயில், பரம்பரை எனக் காரணங்கள் பல இருந்தாலும், உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகிப்பது அந்த மூன்று வருட க்ரீமைத்தான்.

அதன் ட்யூபை எடுத்து, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃபுளுசினோலோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசிய சில நாட்களில் முகம் வெளுத்தது போலத் தெரிந்திருக்கும். ரத்தக் குழாய்கள் சுருங்குவதும் அதற்கு ஒரு காரணம். மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்து, குழாய்கள் விரிந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது; நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால், பயந்துபோய் அதே ட்யூபை மீண்டும் வாங்குகிறார்கள். இத்தகைய க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே அரசு விதியைத் திருத்தியும், பெரும்பாலான கடைகளில் சோப்பு கேட்பதைப் போலக் கேட்டு வாங்க முடிகிறது. கடைக்காரரைக் கேட்டால், "எல்லோரும் வாங்குகிறார்களே டாக்டர்" என்கிறார். யார் சோதிக்கிறார்கள் என்பது எனக்கும் புரியாத புதிராகவே இருக்கிறது.

பார்லர் லேசரை இப்போது கனவிலும் நினைக்க வேண்டாம். பல இடங்களில் லேசர் என்ற பெயரில் வைத்திருப்பது முடி நீக்கும் ஒளிக்கருவி. நம் மாநிறத் தோலில் உள்ள நிறமியே அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், மெலிந்த முகத்தில் கொப்புளமும், அது ஆறிய இடத்தில் கருந்தழும்பும் வரலாம். முன்பணமாக பேக்கேஜ் கட்டச் சொல்பவர் உங்கள் ட்யூபைப் பார்க்கக் கேட்டாரா என்று யோசித்துப் பாருங்கள். தோல் தேறிய பிறகும் நூல்கள் மிஞ்சினால், கருத்த தோலுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பான 1064 நானோமீட்டர் என்டியாக் லேசரை, தோல் மருத்துவர் ஓரத்தில் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்த பின் செய்துகொள்ளலாம். அப்போதும் புதிய நூல்கள் வரவே வராது என்று எவரும் உறுதி தர முடியாது.

உள்ளே இருக்கும் நோயைக் காட்டக்கூடிய ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால்களைப் போன்ற கோடுகளும் இருந்தால், மை தீர்ந்த பேனா முனையால் அந்தப் புள்ளியை மெல்ல அழுத்துங்கள். கால்கள் மறைந்து, எடுத்தவுடன் நடுவிலிருந்து வெளிப்புறமாக ரத்தம் ஓடினால் அது சிலந்தி மச்சம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஓரிரண்டு இருப்பது சாதாரணம். பிரசவத்துக்குப் பின் அவை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் கழுத்திலும் மார்பிலும் புதிதாகப் பல தோன்றினால், குறிப்பாகக் குடிப்பழக்கம் உள்ளவராக இருந்தால், முகத்துக்கு வைத்தியம் தேடுவதை விட்டுவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வீட்டில் ஆண்களுக்கு இருந்தாலும் இதையே சொல்வேன். நீங்கள் எழுதியுள்ளபடி கோடுகளாக மட்டுமே இருந்தால் இந்தக் கவலை உங்களுக்கு வேண்டியதில்லை.

க்ரீமை நீங்களாகவே நிறுத்திவிட்டுத் தவிக்காமல், தோல் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். எரிச்சலும் சிவப்பும் அடங்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அதுவரை எலுமிச்சை, ஸ்க்ரப், பிளீச், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். மணமில்லாத மாய்ஸ்சரைசரும், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் போதும். மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூப்களையும், பார்லரில் பெயர் ஒட்டாமல் கொடுத்த டப்பா இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.