டீசல் மானியம் யார் டேங்கில் போனது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டீசல் விலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

மானியம் இருந்த காலத்தில் தொழில் நிம்மதியாக நடந்தது. அதை ஏன் எடுத்தார்கள்? திரும்ப வருமா?
(லாரி உரிமையாளர், நாமக்கல்)

2002 ஏப்ரலில் விலைக் கட்டுப்பாடு காகிதத்தில் போய்விட்டது. ஆனால் கச்சா எண்ணெய் ஏற ஆரம்பித்ததும் அரசே மறுபடி விலையைப் பிடித்து வைத்தது. 2012-13 நிதியாண்டில் டீசலில் மட்டும், உலகச் சந்தையை ஒட்டிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே ஏற்பட்ட இடைவெளி சுமார் 92,000 கோடி ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கியது 33,000 கோடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தப் பணத்தில் ஒரு பகுதி பட்ஜெட்டிலிருந்து வந்தது. இன்னொரு பகுதியை, கச்சா எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசி போன்ற அரசு நிறுவனங்கள் கச்சா எண்ணெயைத் தள்ளுபடியில் கொடுத்து ஏற்றன. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கையில் காசில்லாமல், பிறகு வட்டியோடு தருகிறோம் என்று எண்ணெய் நிறுவனங்களுக்குக் கடன் பத்திரங்களைக் கொடுத்து ஒப்பேற்றினார்கள். 2008-ல் எரித்த டீசலுக்கான கடனை 2020-களிலும் அடைத்துக்கொண்டிருந்தோம்.

2013 ஜனவரியில் மாதம் 50 காசு வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். டெல்லியில் 47 ரூபாய் சொச்சமாக இருந்த லிட்டர் விலை ஒன்றரை ஆண்டுக்கு மேல் படிப்படியாக ஏறி 59 ரூபாயை நெருங்கியது. 2014 அக்டோபரில் உலகச் சந்தை இறங்கிய நேரம் பார்த்துக் கட்டுப்பாட்டை முழுக்க எடுத்தார்கள். அன்றைக்கு விலை ஏறவில்லை, 3 ரூபாய்க்கு மேல் குறைந்தது. நல்ல நேரத்தில் செய்த நல்ல காரியம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. அந்த மானியம் உங்கள் கையில் நின்றதா? ஊரில் எல்லா லாரிக்கும் டீசல் மலிவாகக் கிடைத்தால், லோடு பிடிக்கும் போட்டியில் வாடகையும் சேர்ந்தே இறங்கிவிடும். லாபம் சரக்கு அனுப்புகிறவருக்குப் போகும். விலை திடீரென ஏறினால் மட்டும், பழைய வாடகைக்கு ஒப்புக்கொண்ட நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் மானியம் திரும்ப வருமா என்று காத்திருக்காதீர்கள். டீசல் விலை ஏறினால் வாடகையும் தானாக ஏறும் என்ற விதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அப்போது எண்ணெய் நிறுவனங்கள் லாபக் கணக்குதானே காட்டின? பிறகு நஷ்டம் என்றது பொய்யா?
(கல்லூரி மாணவி, கரூர்)

பொய் இல்லை. ஆனால் அது நஷ்டமும் இல்லை. ‘அண்டர் ரெக்கவரி’ என்று அவர்கள் சொன்னது, உலகச் சந்தை விலையை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் வீட்டுத் தோப்புத் தேங்காய்க்குச் சந்தையில் 30 ரூபாய் கிடைக்கும், நீங்கள் பக்கத்து வீட்டுக்கு 20 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வரவேண்டிய 10 ரூபாய் வரவில்லை. ஆனால் தேங்காய்க்கு ஆன செலவு 12 ரூபாய்தான் என்றால் லாபமும் இருக்கிறது. அந்த 10 ரூபாயை அரசும் ஓஎன்ஜிசியும் பெரும்பாலும் ஈடுகட்டியதால்தான் கணக்குப் புத்தகத்தில் லாபம் வந்தது. ஈடு கிடைக்காத தனியார் நிறுவனங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2008-ல் ரிலையன்ஸ் தன்னுடைய 1,400-க்கும் மேற்பட்ட பங்க்குகளை மூடியது அதனால்தான்.

டீசல் மானியத்தைக் கார்க்காரர்கள் தின்றுவிட்டார்கள் என்பது எவ்வளவு உண்மை?
(வாசகர், கோயம்புத்தூர்)

முழுக்க அவர்களே தின்றார்கள் என்றால் மிகை. தின்றார்கள் என்பது உண்மை.

2010 ஜூனில் பெட்ரோல் விலையை விடுவித்துவிட்டு டீசலை மட்டும் பிடித்து வைத்தார்கள். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம் இருந்தால் கார் வாங்குகிறவர் என்ன செய்வார்? டீசல் கார்தான் வாங்குவார். 2012-13 வாக்கில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேல் டீசல். நிறுவனங்களும் அதை நம்பி டீசல் எஞ்சின் ஆலைகளில் பணத்தைக் கொட்டின. விலை இடைவெளி சுருங்கியதும் மோகமும் வடிந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற கடுமையான புகை விதி வந்தபோது மாருதி டீசல் காரையே விட்டுவிட்டது.

பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவுக்காக நீல்சன் நிறுவனம் எடுத்த ஆய்வு 2014-ல் வெளியானது. நாட்டின் டீசலில் சுமார் 13 சதவீதம் சொந்தக் கார்களுக்கும் எஸ்யூவிகளுக்கும் போனது. வாடகைக் கார்கள் சுமார் 9 சதவீதம். லாரிகள் 28. விவசாயம் மொத்தமும் சேர்த்தே சுமார் 13. ‘உழவனுக்காக’ என்று சொல்லிக் கொடுத்த மானியத்தில் உழவன் அளவுக்குச் சொந்தக் கார்க்காரரும் வாங்கிக்கொண்டார்.

இதில் என்னை மிகவும் வருத்திய கட்டம் 2013-ல் நடந்தது. மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு மானியம் கிடையாது என்றார்கள். யார் அந்த மொத்தக்காரர்கள்? ரயில்வேயும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும். ஐம்பது பேரை ஏற்றிப் போகும் டவுன் பஸ்ஸுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் கூடுதல், ஒருவர் போகும் எஸ்யூவிக்கு மானிய விலை. பல மாநிலங்களில் அரசு பஸ்கள் டெப்போவை விட்டுவிட்டுச் சாலையோரப் பங்க்கில் போய் டீசல் போட்டன. லிட்டரைப் பார்த்துக் கொடுக்கும் மானியம் இப்படித்தான் போகும். ஏழையா பணக்காரனா என்று டேங்குக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் அதே 2012-ல் மின்வெட்டு வாட்டியபோது, உங்கள் ஊர்ப் பட்டறைகள் ஜென்செட்டை நம்பித்தான் ஓடின. ஒரு லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் வரும். மானிய விலையில்கூட யூனிட்டுக்கு 13 ரூபாய்க்கு மேல் அடங்கியிருக்கும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது மின்சாரத் துறையின் குறையை டீசல் மானியம் சுமந்த கதை.

டீசல் 10 ரூபாய் ஏறினால் காய்கறி என்ன விலை ஏறும்?
(காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்)

கணக்குப் போடுவோம். உங்கள் ஊரிலிருந்து கோயம்பேட்டுக்குச் சுமார் 450 கிலோமீட்டர். 10 டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால் 90 லிட்டர். திரும்பி வரும்போது லோடு கிடைக்காமல் காலியாகவே வந்தாலும் மொத்தம் 180 லிட்டர்தான். 10 ரூபாய் ஏறினால் 1,800 ரூபாய். 10,000 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 18 காசு.

ஆகவே டீசலைக் காரணம் காட்டித் தக்காளிக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் ஏற்றினால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. சரி, தாக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. உழவு, அறுவடை, உரம் வரும் லாரி, சந்தைக்கு வரும் வேன் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும். மணல், ஜல்லி, செங்கல் போல விலை குறைந்த, கனமான சரக்கில் இது பளிச்சென்று தெரியும்.

விவசாயிக்காவது தனியாக மானிய டீசல் கொடுக்கக் கூடாதா?
(விவசாயி, தஞ்சாவூர்)

டெல்டாவில் உங்கள் டீசல் செலவு பெரும்பாலும் டிராக்டர் வாடகையிலும் அறுவடை இயந்திர வாடகையிலும் மறைந்திருக்கிறது. பம்ப்செட்டுக்கு இங்கே இலவச மின்சாரம் இருப்பதால் நீர் இறைப்பில் அடி குறைவு. பீகாரில் நிலைமை வேறு. அங்கே டீசல் பம்ப்பை நம்பிப் பாசனம் செய்கிறவர்கள் ஏராளம். மழை பொய்த்த 2022-ல் அந்த மாநில அரசு லிட்டருக்கு 75 ரூபாய் வீதம், ஏக்கருக்கு ஒரு பாசனத்துக்கு 10 லிட்டர் என்று கணக்கிட்டு, விவசாயியின் வங்கிக் கணக்கிலேயே போட்டது. பங்க்கில் விலை ஒன்றுதான், உதவி மட்டும் நிலத்தைப் பார்த்து வருகிறது. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஆனால் குத்தகைக்கு உழுகிறவர் பெயர் பட்டியலில் ஏறுகிறதா என்பதை விடாமல் கவனிக்க வேண்டும்.

மானியம் போனதால் கலப்படம் குறைந்ததா?
(வாசகர், மதுரை)

டீசலில் கலந்தது ரேஷன் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு மலிவாக இருந்தவரை அந்தத் தொழில் கொழித்தது. தடுக்கப் போனவர்கள் உயிரையே கொடுத்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் 2005 நவம்பரில் இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். மகாராஷ்டிராவின் மன்மாட் அருகே 2011 ஜனவரியில் கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணே எரித்துக் கொல்லப்பட்டார். ஒரு பொருளுக்கு இரண்டு விலை வைத்ததன் செலவில் இந்த இரண்டு உயிர்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். டீசல் மானியம் போனதால் மட்டும் இது தீரவில்லை. ரேஷன் மண்ணெண்ணெய் சுருங்கியதுதான் பெரிய காரணம்.

மலேசியாவிலும் டீசல் மானியத்தை எடுத்துவிட்டார்கள். நாங்கள் ஏமாந்தோமா?
(வாசகர், கிள்ளான்)

இல்லை என்பேன். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. ஒரே நாளில் இவ்வளவு என்பது கடினம்தான். ஆனால் டீசல் மானியச் செலவு 2019-ல் 1.4 பில்லியன் ரிங்கிட், 2023-ல் 14.3 பில்லியன் என்று உங்கள் அரசு கணக்குச் சொன்னது. அதே காலத்தில் டீசல் வாகனங்கள் கூடியதோ மிகச் சொற்பம். உலக விலை ஏறியது ஒரு பங்கு, மிச்சம் எல்லை தாண்டியும் ஆலைகளுக்கும் கசிந்தது. தகுதியுள்ள டீசல் வாகனக்காரர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 ரிங்கிட் கொடுத்ததும், சரக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் மானிய டீசல் வாங்கத் தனி அட்டை வைத்ததும் இந்தியா செய்யாமல் விட்டவை.

2014-க்குப் பிறகு கச்சா எண்ணெய் விழுந்ததே, டீசல் ஏன் விழவில்லை?
(பலர்)

வரி. 2014-ல் டீசலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு 3.56 ரூபாய். 2020 மே மாதம் ஒரே வீச்சில் 13 ரூபாய் ஏற்றி 31.83 ஆக்கினார்கள். 2021-லும் 2022-லும் கொஞ்சம் குறைத்தார்கள். விலையைச் சந்தையிடம் விடுகிறோம் என்று சொல்லி மக்களிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு, இறங்கும்போது மட்டும் பலனை அரசு எடுத்துக்கொண்டது சரியில்லை.

எங்களுக்குத் தரும் வரியில்லா டீசலையும் நிறுத்தச் சொல்வீர்களா?
(மீனவர், நாகப்பட்டினம்)

மாட்டேன். ஆனால் பங்கீட்டைப் பாருங்கள். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், ஃபைபர் படகுக்கு 4,400 லிட்டர். தமிழ்நாட்டில் டீசலுக்கு விற்பனை வரி 11 சதவீதமும் லிட்டருக்கு 9.62 ரூபாயும். லிட்டருக்கு 17 ரூபாய் மிச்சம் என்று வைத்தால், விசைப்படகுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல், ஃபைபர் படகுக்கு 75,000 ரூபாய் அளவில். 61 நாள் தடைக்காலத்துக்கு ஒரு மீனவக் குடும்பத்துக்குக் கிடைப்பது 8,000 ரூபாய்.

விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிக்கிறார்கள். அதனால் தொழிலாளிக்கும் அதில் ஒரு பகுதி வருகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் டீசல் மலிவாகக் கிடைக்கிற வரை, மீன் குறைந்த கடலிலும் இன்னும் ஒரு இழுப்பு இழுக்கத் தோன்றும். அடுத்த முறை லிட்டரைக் கூட்டக் கேட்பதற்குப் பதிலாக, அந்த 8,000-ஐ உயர்த்தக் கேளுங்கள். படகில்லாத வீட்டுக்கும் அது போய்ச் சேரும்.