ஏழு கருவிகள், ஒரு கல்யாண வீடு

அன்புள்ள ஐயா,

சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 செயற்கைக்கோள் பற்றி நீங்கள் எழுதியதைப் பேரன் வாசித்துக் காட்டினான். காரைக்குடியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். அதைத் திட்ட இயக்குநராக நடத்தியது செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜி என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். ஆனால் இவன், "அவங்க தனியா செய்யலை, ஏழு இடத்துல செஞ்சாங்க" என்கிறான். ஏழு இடத்தில் நடக்கிற வேலையை ஒருவர் எப்படி வாங்க முடியும்? இவனுக்கு அதில் இடம் கிடைக்குமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி

அன்புள்ள ஆச்சி,

பேரன் சொன்னது சரிதான், கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது. கருவிகள் ஏழு, முன்னின்று செய்த நிறுவனங்கள் ஆறு. சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவைப் பார்க்கும் பெரிய கருவி பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்துடையது. புற ஊதாத் தொலைநோக்கி புனேயிலிருந்து வந்தது. சூரியக் காற்றின் துகள்களை அளக்கும் இரண்டும் அகமதாபாத், திருவனந்தபுரம். மிச்சம் மூன்றும் பெங்களூருவில் இஸ்ரோவின் இரண்டு மையங்களில் செய்தவை.

இனி வேலை வாங்குவது. நம்மூர்க் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்தில், சமையல் நடக்கிற இரண்டாங்கட்டில் நின்றிருந்தேன். பணியாரத்துக்கு வந்தவர் எண்ணெய்ச் சட்டியை ஏற்றப் போனார். சாம்பார்க்காரர், "அந்த அடுப்பு எனக்கு" என்றார். சம்பளம் கொடுக்கிற பெண்ணின் அப்பா நடுவில் நிற்கிறார். யார் கரண்டியையும் அவரால் பிடுங்க முடியாது. மறுநாள் வேறு வீட்டு முகூர்த்தத்துக்கும் ஒப்புக்கொண்ட ஆட்கள் அவர்கள்.

திட்ட இயக்குநரின் நிலையும் ஏறக்குறைய அதுதான். அவருக்கென்று இருப்பது சின்னக் குழு. மின்சக்தி, வெப்பக் கட்டுப்பாடு, கட்டமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மையத்தில் நிரந்தரப் பிரிவு உண்டு. ஒரே பிரிவு ஒரே சமயத்தில் நாலைந்து செயற்கைக்கோளுக்கு உழைக்கும். ஆக, ஒரு பொறியாளருக்கு இரண்டு எஜமானர்கள்: தன் பிரிவுத் தலைவர், இந்தத் திட்டத்தின் இயக்குநர். தரம் பார்க்கிறவர்களோ திட்ட இயக்குநர் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அது நல்லதுதான். சமைத்தவரே உப்புப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அறிவியல் செயற்கைக்கோளில் இன்னொரு தொல்லை, கருவி கேட்பவர் விஞ்ஞானி, சுமக்க வேண்டியவர் பொறியாளர். ஆதித்யாவில் காந்தமானியைப் பாருங்கள். அது அளக்க வேண்டியது விண்வெளியின் மெல்லிய காந்தப்புலம். ஆனால் செயற்கைக்கோளுக்குள் ஓடும் மின்சாரமே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதாவது மற்ற குழுக்களின் வேலைதான் இந்தக் குழுவுக்கு இரைச்சல். அதனால் 6 மீட்டர் நீளக் கை ஒன்று வைத்து, அதில் 3 மீட்டரில் ஓர் உணரி, நுனியில் ஓர் உணரி என்று பொருத்தினார்கள். கையை மடக்கி ஏவி, 2024 ஜனவரியில் விரித்தார்கள். அந்தக் கைக்கு எடை உண்டு, இடம் வேண்டும், விரியாமல் போகும் ஆபத்தும் உண்டு. காந்தமானிக்காரர் தவிர மற்ற எல்லோருக்கும் அது செலவுதான். இப்படி ஒவ்வொருவர் கேட்பதையும் எடைபோட்டு, யார் எதை விட்டுக்கொடுப்பது என்று பேசி முடிப்பதுதான் திட்ட இயக்குநரின் நிஜ வேலை என்பது என் கட்சி. டிவியில் கைதட்டு மட்டும்தான் காட்டுவார்கள்.

திட்டம் தொடங்கியபோது இவ்வளவு கருவிகளே கிடையாது. 2008இல் யோசித்தது ஒரே கருவியோடு, பூமியிலிருந்து 800 கிலோமீட்டரில் சுற்றும் 400 கிலோ செயற்கைக்கோள். பிறகு பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியுள்ள எல்1 என்ற புள்ளிக்கு அனுப்புவது என்று முடிவாகி, கருவி ஏழானது. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஏவினார்கள். பதினைந்து வருஷம், ஆச்சி! அதற்குள் எத்தனை பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வெளி ஆட்களை உட்காரவைத்து மறுஆய்வு செய்கிறார்கள்.

பேரன் விஷயம். பொறியியல் முடித்தவர்களுக்கு இஸ்ரோ தேர்வு வைக்கிறது, எழுதட்டும். கருவி செய்வதில்தான் மனசு என்றால், மேலே சொன்ன பெங்களூரு, புனே, அகமதாபாத் ஆய்வு நிறுவனங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாம். இரண்டில் எது என்று முதலில் அவனையே கேளுங்கள்.