வயரிங் செலவுக்காக நகைக்கடனைக் கூட்டலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ஸ்ரீவில்லிபுத்தூரில், 1985-ல் என் மாமனார் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். கணவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளர், சம்பளம் 27,000 ரூபாய். நான் தனியார் பள்ளி அலுவலகத்தில் 18,000 ரூபாய் வாங்குகிறேன். வீடு முழுவதும் பழைய அலுமினிய வயர்தான். போன மாதம் கிரைண்டரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடியபோது சமையலறை பிளக் பாயிண்ட் கருகிப் புகைந்தது. அடிக்கடி ஃபியூஸ் போவதால் வயர்மேன் தடித்த கம்பியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு முழுவதுமாக வயரிங் மாற்ற 2,25,000 ரூபாய் எஸ்டிமேட் வந்திருக்கிறது. என் 12 சவரன் நகை 2021 மே மாதம் முதல் வங்கியில் அடகில் இருக்கிறது. கொழுந்தனாரின் செல்போன் கடைக்காக 3 லட்சம் வாங்கினோம். 2023-ல் கடை முன்பணத்துக்காக மேலும் 70,000 கூட்டினோம். ஆண்டுதோறும் வட்டியை அசலோடு சேர்த்துத் திருப்பி வைத்து வருகிறோம். வரும் மே மாதம் கட்ட வேண்டியது 5,64,000 ரூபாய். நகை விலை ஏறியிருப்பதால் வயரிங் செலவையும் அதிலேயே கூட்டிக்கொள்ளலாம் என்கிறார் கொழுந்தனார். அப்படியே தனக்கும் 30,000 வேண்டுமாம். நகைக்கடனைக் கூட்டுவது நல்லதா, தனிநபர் கடன் வாங்குவது நல்லதா? ஒரு சீட்டும் போட்டு வருகிறேன்: 1 லட்சம், 20 மாதம், இதுவரை 11 தவணை கட்டியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை.

பதில்: பணக் கணக்குக்குப் போகும் முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். ஃபியூஸ் கேரியரில் போட்டிருக்கும் அந்தத் தடித்த கம்பியை இன்றே எடுக்கச் சொல்லி, உரிய ஃபியூஸ் கம்பியைப் போடச் சொல்லுங்கள். சுமை மிகும்போது அறுந்து போவதற்காகத்தான் ஃபியூஸ் கம்பி இருக்கிறது. அது அறுந்து போகாதபடி செய்துவிட்டால், அதற்குப் பதிலாகச் சூடேறுவது சுவரில் ஓடும் நாற்பது வருட அலுமினிய வயர். அலுமினியம் சூட்டில் விரிந்து சுருங்கும்போது திருகு இணைப்புகள் தளர்கின்றன, தளர்ந்த இடம் இன்னும் சூடாகிறது. உங்கள் பிளக் பாயிண்ட் கருகியது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வயரிங் மாற்றும் வரை ஹீட்டரையும் கிரைண்டரையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்.

வயரிங்கை மாற்றத்தான் வேண்டும், அதைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கடன் மலிவு என்ற உங்கள் கேள்விக்கு விடை சொல்வதால் உங்கள் சிக்கல் தீராது. தனிநபர் கடனை 14 சதவீதத்தில் மூன்றாண்டுக்கு வாங்கினால் மாதம் ஏறக்குறைய 7,700 ரூபாய் கட்ட வேண்டும், வட்டி மட்டும் 52,000 ரூபாய் போகும். நகைக்கடன் வட்டி அதைவிடக் குறைவுதான். உங்களைக் கெடுத்துக்கொண்டிருப்பது வட்டி விகிதமன்று, மே மாதந்தோறும் வட்டியை அசலில் சேர்த்துத் திருப்பி வைக்கும் பழக்கம்.

நீங்கள் எழுதியிருக்கும் தொகைகளைத் தோராயமாக 9.5 சதவீத வட்டியில் போட்டுப் பார்த்தேன். 2021-ல் 3,00,000 ரூபாய். அடுத்த ஆண்டு வட்டி சேர்ந்து 3,28,500. 2023-ல் 3,59,700, அதோடு கொழுந்தனாருக்கான 70,000 சேர்ந்து 4,29,700. 2024-ல் 4,70,500, 2025-ல் 5,15,200, இந்த மே மாதம் 5,64,000. உங்கள் குடும்பத்தின் கைக்கு வந்த பணம் மொத்தம் 3,70,000 ரூபாய்தான், அதுவும் வந்த வேகத்தில் வேறு கைக்குப் போயிற்று. மீதி 1,94,000 ரூபாயும் வட்டியும் வட்டிக்கு வட்டியும். ஐந்தாண்டில் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டாததால், கடன் சுமையாகத் தெரியாமலே வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நகை மதிப்பீட்டாளர் கட்டணம் தனி. நகையை மீட்டதாகக் காட்ட ஒரு நாளுக்குக் கைமாற்று வாங்கியிருந்தால் அந்தச் செலவும் தனி.

இது இத்தனை ஆண்டுகள் ஓடியதற்குக் காரணம், 2021 மே மாதத்தில் சவரன் 36,000 ரூபாய் அளவில் இருந்த தங்கம் இப்போது இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியிருப்பதுதான். கடன் ஏறியதைவிட நகையின் மதிப்பு வேகமாக ஏறியதால், வங்கியும் கேள்வி கேட்கவில்லை, உங்களுக்கும் பயம் வரவில்லை. ஆனால் விலை எப்போதும் ஒரே திசையில் போகாது: 2012-ல் 10 கிராம் 31,000 ரூபாய் அளவில் இருந்த தங்கம், 2015-ல் 26,000 ரூபாய் அளவுக்கு இறங்கியதை இதே நாட்டில் பார்த்திருக்கிறோம், அந்த மூன்றாண்டில் நகையை வரம்பின் விளிம்புவரை அடகு வைத்திருந்தவர்கள்தான் ஏல நோட்டீஸ் வாங்கினார்கள்.

இப்போது 2,25,000 ரூபாயையும் கொழுந்தனாரின் 30,000 ரூபாயையும் சேர்த்தால் கடன் 8,19,000 ஆகும். ஆண்டு வட்டி மட்டும் ஏறக்குறைய 78,000 ரூபாய், அதாவது மாதம் 6,500. அதைக் கட்டினாலும் அசலில் ஒரு பைசா குறையாது. வங்கி உங்கள் நகையை 11.5 லட்சமாக மதிப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு மதிப்பில் 75 சதவீதம்தான் வரம்பு, அதாவது 8.62 லட்சம், ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் வகைக் கடனுக்கு வட்டியையும் சேர்த்தே அந்த வரம்பு பார்க்கப்படும் என்பதால், உங்கள் வங்கி மறுக்கவும் கூடும். மேலும், அந்த வகைக் கடனைப் புதுப்பிப்பதற்கு முன் சேர்ந்த வட்டியைக் கட்டியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. வங்கி மறுத்தால், 'அந்த அடகுக் கடையில் கூடுதலாகத் தருகிறார்கள்' என்ற பேச்சு வீட்டில் எழும். அந்தப் படியில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

இனி எஸ்டிமேட்டைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய தாளில் வயரும் பைப்பும் 62,000. டச் சுவிட்ச் 48,000. ஃபால்ஸ் சீலிங் விளக்குகள் 40,000. மெயின் போர்டு, எம்.சி.பி. (சுமை மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்), எர்த் எல்லாம் சேர்த்து 21,000, கூலி 34,000, சுவர் வெட்டிப் பூசிப் பெயின்ட் அடிக்க 20,000. கருகிய ஒரு பிளக் பாயிண்டில் தொடங்கிய வேலைக்குள் ஃபால்ஸ் சீலிங் எப்படி நுழைந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. அந்த 40,000 ரூபாயை முழுவதுமாக அடித்துவிடுங்கள். டச் சுவிட்சுக்குப் பதில் சாதாரண மாடுலர் சுவிட்ச் போட்டால் 14,000 ரூபாயில் முடியும். செல்போனில் விளக்கை அணைக்கும் வசதிக்காக 34,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும் நிலையில் உங்கள் குடும்பம் இல்லை. அந்தத் தொகுப்பை 'வட்டியில்லாத் தவணை' என்று கொழுந்தனார் சொன்னாலும், செயலாக்கக் கட்டணமும் விட்டுப்போன தள்ளுபடியும் சேர்ந்தால் அதுவும் வட்டிதான். சுவரை வெட்டாமல், கூரையோரமாக பி.வி.சி. கேசிங் பட்டி ஓட்டினால் சுவர் வேலை 6,000 ரூபாயில் நிற்கும், கூலியும் 24,000 அளவுக்கு இறங்கும். பார்வைக்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம்; ஆனால் பின்னாளில் பழுது பார்ப்பதற்கு அதுதான் எளிது. இப்படிக் குறைத்தால் மொத்தம் 1,27,000 ரூபாய் வரும்.

குறைக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள செம்புக் கம்பி வயர்தான் வேண்டும்: விளக்குக்கும் மின்விசிறிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக் பாயிண்டுகளுக்கு 2.5, ஹீட்டருக்குத் தனியாக 4. கசிவு மின்சாரம் 30 மில்லியாம்பியருக்குப் போனால் தானாக விழும் ஆர்.சி.சி.பி.யும், ஒழுங்கான எர்த் குழியும் கட்டாயம். எஸ்டிமேட்டில் 'வயர் 62,000' என்று மொட்டையாக எழுதியிருப்பதை ஏற்காதீர்கள். எந்த அளவில் எத்தனை காயில், என்ன பிராண்டு என்று எழுதி வாங்குங்கள். ஒரு காயில் 90 மீட்டர். முடிந்தால் கணவரே கடைக்குப் போய் வாங்கி, காலி அட்டைகளை வேலை முடியும் வரை வீட்டில் வைத்திருக்கட்டும்.

சோலார் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உங்கள் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 550 ரூபாய், ஆண்டுக்கு 3,300. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருவது உண்மைதான், ஆனால் அது போகக் கையிலிருந்து ஒரு லட்சம் போட்டால், அந்தப் பணம் திரும்ப முப்பது ஆண்டுகள் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஐயாயிரம் பில் கட்டுபவர்களுக்கான பொருள் அது.

1,27,000 ரூபாய்க்கும் கடனுக்கும் வழி என்ன? முதலில், சீட்டை இந்த மாதம் ஏலத்தில் எடுங்கள். 13,000 தள்ளி எடுத்தால் 87,000 கைக்கு வரும். வட்டிக் கணக்குப் பார்த்தால் இந்தத் தள்ளுபடி நகைக்கடன் வட்டியைவிட அதிகம்தான். இருந்தாலும் சீட்டு ஒன்பது மாதத்தில் முடிந்துபோகும், உங்கள் நகைக்கடன் ஐந்தாண்டாக முடியவில்லை. சீட்டில் வந்த பணத்திலிருந்து 49,000 ரூபாயை மே மாதத்துக்கு முன்பே வட்டியாகக் கட்டுங்கள். கடன் 5,15,000 ரூபாயில் நிற்கும், கையில் 38,000 மிஞ்சும்.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்காது. 5,15,000 ரூபாய்க் கடனுக்கு 12 சவரனும் வங்கியில் இருக்கத் தேவையில்லை. உங்கள் வங்கியின் மதிப்பீட்டின்படியே எட்டு சவரன் போதும். புதுப்பிக்கும்போது நான்கு சவரனை விடுவித்துத் தரும்படி கேளுங்கள். தனித்தனி உருப்படியாக இருக்கும் வளையல்கள் என்றால் எளிதாக நடக்கும். அந்த நான்கு சவரனை விற்றுவிடுங்கள். கழிவு போகச் சவரனுக்கு 90,000 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 3,60,000 வரும். அதில் 2,60,000 ரூபாயை அசலில் கட்டினால் கடன் 2,55,000 ஆகக் குறையும். மீதி ஒரு லட்சமும் சீட்டில் மிஞ்சிய 38,000 ரூபாயும் வயரிங்குக்குச் சரியாகப் போகும், வரிக்கும் இடமிருக்கும். நீண்ட காலம் வைத்திருந்த நகையை விற்ற லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. உங்கள் சம்பளம் வரி வரம்புக்குக் கீழே இருப்பதால், புதிய வரி முறையில் அந்த வரம்பில் மிஞ்சிய பகுதி கழிந்து, வரி பதினோராயிரம் ரூபாய் அளவில் நிற்கும் என்று கணக்கிடுகிறேன். விற்ற பில்லை வைத்துக்கொண்டு, கணக்குத் தாக்கல் செய்பவரிடம் காட்டுங்கள்.

திருமணத்துக்குப் போட்ட வளையலை விற்கச் சொல்கிறாரே என்று வருத்தப்படுவீர்கள், அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த வளையலை நீங்கள் கையில் போட்டு ஐந்தாண்டு ஆகிறது. இப்படியே திருப்பி வைத்துக்கொண்டு போனால் நான்கு சவரனோடு நிற்காமல் பன்னிரண்டும் போகும்.

மீதமுள்ள 2,55,000 ரூபாயை மாதத் தவணை நகைக்கடனாக மாற்றச் சொல்லுங்கள். 30 மாதத்துக்கு மாதம் 9,600 வரும். வங்கி அப்படி மாற்றித் தராவிட்டால், அதே தொகையை மாதந்தோறும் பகுதித் தொகையாகக் கட்டி ரசீது வாங்குங்கள். பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 45,000 வருமானத்தில் வீட்டுச் செலவு 30,000, சீட்டு 5,000 போக, மாதம் 6,000 மிஞ்சுகிறது, மற்றொரு 4,000 கொழுந்தனாரின் பைக் தவணைக்குப் போகிறது. இரண்டையும் சேர்த்தால் பத்தாயிரம். இறுக்கமாகத்தான் இருக்கும், ஒன்பது மாதத்தில் சீட்டு முடிந்ததும் 5,000 ரூபாய் விடுபடும், அப்போது மூச்சு விடலாம்.

அந்த 4,000 ரூபாயை நிறுத்துவதுதான் இந்தத் திட்டத்திலேயே கடினமான பகுதி என்பது எனக்குத் தெரியும். தம்பியிடம் அண்ணன்தான் பேச வேண்டும், நீங்கள் பேசினால் குடும்பத்தில் வேறு அர்த்தம் ஆகிவிடும். கணவரிடம், தம்பிக்கு உதவக் கூடாது என்று சொல்லாதீர்கள். 2021 முதலான ஆறு தொகைகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டுங்கள், போதும். கடன் உங்கள் பெயரில் இருக்கிறது, மே மாதந்தோறும் கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான். ஆகவே 30,000 ரூபாய் கூட்ட முடியாது என்று சொல்லும் உரிமைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பழைய 3,70,000 ரூபாயைத் திருப்பித் தருவதாகக் கொழுந்தனாரிடம் எழுதி வாங்கி வையுங்கள். முதலில் கொடுத்த 3 லட்சத்துக்கு மூன்றாண்டு கடந்துவிட்டதால், எழுத்து இல்லாமல் அதைச் சட்டப்படி கேட்பதும் கடினம். அவர் மாதம் இரண்டாயிரம் தந்தாலும் வாங்கி நேராக அசலில் கட்டுங்கள். தருவார் என்று எதிர்பார்த்து மேற்சொன்ன கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்க வேண்டாம்.

வங்கிக்கு மே மாதம் வரை காத்திராமல் ஏப்ரலிலேயே போய், எந்த உருப்படிகளை விடுவிப்பார்கள், பகுதித் தொகைக்குக் கட்டணம் உண்டா என்ற இரண்டையும் மேலாளரிடம் கேளுங்கள். டச் சுவிட்ச் தொகுப்புக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் அந்தத் தொகையோடு விட்டுவிடுங்கள், அதைக் காப்பாற்றுவதற்காக மீதித் தொகையைக் கட்ட வேண்டாம்.