ஊசிப்போன சாம்பார்: அந்த ஹோட்டலுக்கு இன்னொரு முறை போகலாமா?

கேள்வி: எங்கள் தெருமுனையில் ஒரு சைவ ஹோட்டல். எட்டு வருடமாக ஞாயிறு இரவு டிபன் அங்கேதான். போன மாதம் சாம்பாரில் லேசான புளித்த வாடை. சர்வரிடம் சொன்னால், "எல்லாரும் இதைத்தானே சார் சாப்பிடுறாங்க" என்று போய்விட்டார். பில்லில் ஜிஎஸ்டி போக சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் வேறு. அதன்பின் போகவில்லை. இப்போது அந்தப் பக்கம் நடந்தாலே, கல்லாவில் இருக்கும் முதலாளி "என்ன சார், ஆளையே காணோம்?" என்கிறார். என் மனைவி அந்தக் கடைப் பேச்சே வேண்டாம் என்கிறார். இன்னொரு முறை போகலாமா, இல்லை புகார் கொடுப்பதா?

பதில்: முதலாளி கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. "கொஞ்சம் வேலை" என்று மழுப்பியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் சர்வரிடம் சொன்னது முதலாளி காதுவரை போவது அபூர்வம். கூட்டமில்லாத மூன்று, நான்கு மணிக்குப் போய், சாம்பார் விஷயத்தை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். "என்னிக்கு சார், எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்டால் கடைக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம். "எங்க கடையிலயா? இருக்கவே இருக்காது" என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதி மெஸ் ஒன்றில் வத்தக்குழம்பு ஒருநாள் வாயில் வைக்க முடியவில்லை. சொன்னதும் முதலாளியே ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்து முகம் சுளித்தார். மாஸ்டர் ஊருக்குப் போயிருந்தாராம். இன்றும் அங்கேதான் சாப்பிடுகிறேன்.

ஆனால் உப்பு, காரம் கூடுவதும் சாம்பார் ஊசுவதும் ஒன்றல்ல. சூடாகப் பரிமாற வேண்டிய உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வெதுவெதுப்பாக விட்டால் பருப்பும் காய்கறியும் சீக்கிரம் கெடும். மதியம் மிஞ்சியதை இரவுச் சாம்பாரில் ஊற்றியிருந்தாலும் இதே கதிதான். ஒருநாள் கவனக்குறைவா, தினசரிப் பழக்கமா என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குக் காலையில் போய்ப் பயனில்லை. காலை ஏழு மணிக்கு எந்தக் கடைச் சாம்பாரும் மணக்கும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல், தனியாகப் போங்கள். இரண்டு இட்லி போதும். தேங்காய்ச் சட்னியை முதலில் தொட்டுப் பாருங்கள். சாம்பாருக்கு முன்னால் கெடுவது அதுதான். சரியாக இருந்தால் இரண்டு வாரம் விட்டு மறுபடி ஒருமுறை. அப்புறம் வீட்டில் பேசலாம். அன்று சாப்பிட்ட யாருக்காவது வயிறு கெட்டிருந்தால் இந்தப் பரிசோதனையே வேண்டாம்.

சேவைக் கட்டணத்தில் இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வேறு பெயரில் வாங்குவதும் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் எதிர்த்து வழக்குப் போட்டும், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஜிஎஸ்டி வேறு, அது அரசுக்குப் போகும் வரி. உங்கள் தெருமுனைக் கடை போன்றவற்றில் 5 சதவீதம். அடுத்த முறை சேவைக் கட்டணம் இருந்தால், எடுத்துவிட்டு வேறு பில் கொடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பழைய பில் கையில் இருக்கிறதா? இருந்தால் அதற்கும் செய்யலாம்.

சாம்பாருக்கு இப்போது புகார் கொடுத்துப் பெரிய பயன் இல்லை. ஒரு மாதத்துக்கு முந்தைய சாம்பாரை எந்த அதிகாரியும் மாதிரி எடுக்க முடியாது. மறுபடி நடந்தால், சாப்பிட்ட கையோடு படம் எடுத்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணான 94440 42322-க்கு அனுப்புங்கள். கடையின் 14 இலக்க உணவு உரிம எண் பில்லிலேயே இருக்க வேண்டும். அதையும் சேர்த்து அனுப்பினால் அவர்களுக்குத் தேடும் வேலை மிச்சம்.

அதுவரை ஞாயிறு இரவு வீட்டில் தோசைதான். மாவு அரைப்பது யார் முறை என்பதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன்.